செருப்பு வரிசையும் சதுரக் கட்டமும்

1999-இல் எங்கள் லேபுக்குள் செருப்போடு போக முடியாது. ஸ்ரீரங்கத்துக்கும் மலைக்கோட்டைக்கும் அடுத்தபடியாகத் திருச்சியில் அந்த மரியாதை கம்ப்யூட்டர் இருந்த ஏ.சி. அறைக்குத்தான் கிடைத்தது. தூசி பட்டால் ஹார்ட் டிஸ்க் போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் என்பது இறுக மூடிய பெட்டி, நம் செருப்புத் தூசிக்கு அங்கே வேலையில்லை என்று போர்டில் படம் போட்டு விளக்கியவன் நான்தான். விளக்கப் போவதற்கு முன்னால் நானும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போயிருந்தேன்.

எம்.சி.ஏ. தொலைநிலைப் படிப்பு அது. அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை, ‘கரஸ்’ என்றால் போதும். அந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, “ரெகுலரா, கரஸா?” என்று கேட்டதாக ஒரு மாணவர் சொன்னார். வார நாள்களில் ரெகுலர் பிள்ளைகளுக்கு எடுத்த அதே சிஸ்டம்ஸ் அனாலிசிஸையும் டேட்டாபேஸையும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்கு எடுப்பேன். துறையூர், முசிறிக்காரர்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து வருவார்கள். புதுக்கோட்டை, மணப்பாறைக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கி இன்னொரு பஸ் பிடிப்பார்கள். பத்து மணி வகுப்புக்கு ஒன்பதே முக்காலுக்குப் படியேறினால், உள்ளே எட்டிப் பார்க்காமலே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். வாசலில் செருப்புகள் கிடக்கும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த தோல் செருப்பு வங்கிக்காரர். அறுந்த வாரில் ஊக்குக் குத்தியது, வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். பாலிஷ் மங்காத ஷூ மெடிக்கல் ரெப். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டை உண்டு.

தொல்லை நீல வார் ஹவாய்ச் செருப்பில்தான். முப்பத்துநான்கு பேரில் ஏழெட்டுப் பேருக்கு அதுதான். ஒரு ஞாயிறு மாலை மணப்பாறைக்காரர் இடது காலில் ஒன்பதும் வலது காலில் எட்டுமாக ஊர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் ஒரு ஜோடியின் வாரில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. முசிறிப் பக்கத்து நர்சரிப் பள்ளி ஆசிரியையின் வேலை. அன்றைக்குப் பாடம் பிரைமரி கீ. ஐ.பி.எம்.மில் இருந்த காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதாக இருந்தேன். ஓ.எச்.பி. தாளெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தயார். அதை அப்படியே வைத்துவிட்டு வாசலைக் காட்டினேன். “நிறத்தைச் சொன்னா ஏழு ஜோடி வரும். நிறத்தையும் அளவையும் சேர்த்துச் சொன்னா மூணு வரும். எதைச் சொன்னா ஒரே ஒரு ஜோடி மட்டும் வரும்?” எல்லாரும் திரும்பிச் சிவப்பு நூலைப் பார்த்தார்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் எல்லாருக்கும் புரிந்தது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய வகுப்பு அது ஒன்றுதான்.

அதற்கடுத்த ஞாயிறு வாசலில் பதினோரு செருப்பு ஜோடிகளில் சிவப்பு நூல் இருந்தது.

இப்போது செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றதும் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டு ஆன்லைன் எம்.சி.ஏ.வுக்குப் போட்டது. 2020-21-இல் மூன்று வருஷப் படிப்பு இரண்டாகச் சுருங்கிவிட்டது, ஆனால் என் பாடத்தில் ஒரு யூனிட்டும் குறையவில்லை. இரவு எட்டு மணிக்கு வகுப்பு. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. ‘கரஸ்’ என்று இனி யாரும் இளக்காரமாகச் சொல்ல முடியாது. பட்டம் ரெகுலருக்குச் சமம் என்று யு.ஜி.சி.யே சொல்லிவிட்டது. வகுப்புக்குப் பெயர் ‘லைவ்’. பெயரிலேயே ‘தொலை’ இருந்த காலத்தில் யாருடைய பஸ் எத்தனை மணிக்கு வரும் என்றுகூட எனக்குத் தெரியும். இந்த லைவில் அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து.

இந்தக் கட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று முதல் நாள் தோன்றியது. நானே இருபது வருஷமாகப் போர்டில் போட்டுக்கொண்டிருந்ததுதான். டேட்டா ஃப்ளோ டயகிராம் என்று ஒரு படம். 1970களின் கடைசியில் டிமார்கோ ஒரு விதமாகவும், கேனும் சார்சனும் சேர்ந்து இன்னொரு விதமாகவும் வகுத்துக் கொடுத்தது. நடக்கும் வேலையை அவர் வட்டமாகப் போடுவார், இவர்கள் முனை மழுங்கிய பெட்டியாகப் போடுவார்கள். ஆனால் அமைப்புக்கு வெளியே நின்று தகவல் கொடுத்து வாங்குகிறவர், அதாவது வாடிக்கையாளரோ நோயாளியோ மாணவரோ, எல்லாருக்குமே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பது நம் கவலை இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே நேராகக் கோடு போடவும் கூடாது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அமைப்பின் கணக்கில் வராது. போட்டால் ஒரு மார்க் குறைப்பேன்.

குறைத்துவிட்டு ஒரு மணிக்கு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அத்தனை கோடும் ஓடிக்கொண்டிருக்கும். புதுக்கோட்டைப் புளியோதரை முசிறிக்கும் முசிறித் தயிர்சாதம் துறையூருக்கும் போகும். போன வாரம் வராதவருக்கு நோட்ஸ் கைமாறும். வங்கி வேலைக்கு எப்போது அறிவிப்பு வரும் என்ற தகவல் வங்கிக்காரரிடமிருந்து எட்டுத் திசைக்கும் கிளம்பும். கடைசி வருஷத்தில் மெடிக்கல் ரெப், நர்சரி ஆசிரியைக்கு மஞ்சள் நூலே கட்டிவிட்டார். அந்தப் படத்தில் எத்தனை மார்க் குறைப்பது?

இப்போது கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடும் தெரிவதில்லை, விதிப்படி. ஆனால் நான் இல்லாத வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. ‘அசைன்மென்ட் தேதியைத் தள்ளிப் போடலாமா’ என்று நான் வாய்விட்டு யோசித்து முடிப்பதற்குள், கமாவும் மாறாத ஒரே வாக்கியத்தில் நாற்பது விண்ணப்பங்கள் வந்து விழுகின்றன.

“நான் பேசறது கேக்குதா?” என்று ஆரம்பிப்பேன். இருபது விநாடி மௌனம். பிறகு ஒரே ஒருவர், “எஸ் சார்” என்று எழுதுவார். சமையலறையிலிருந்து என் மனைவி, “எனக்குக் கேக்குது” என்பாள்.

ஆளுக்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: பல்கலைக்கழகத்தின் பதிவு எண், மின்னஞ்சல், கல்விக் கிரெடிட் வங்கிக்கான பன்னிரண்டு இலக்க எண். சிவப்பு நூலுக்கு இனி வேலையில்லை. ஆனாலும் திரையில் பெயருக்குப் பதிலாகச் சிலருக்குப் போன் மாடல்தான் வரும். ஒருவர் ‘அம்மா மொபைல்’. ஒருவர் ‘4-பி, 17’. முதல் மாதம் அதை ஏதோ இருக்கை எண் என்றே நினைத்தேன். ஒருநாள் “ஃபோர் பி, செவன்டீன், நார்மலைசேஷன்னா என்ன, நீங்க சொல்லுங்க” என்றேன். மைக்கைத் திறந்தது கட்டைக் குரல்.

“சார், அது என் பொண்ணோட அக்கவுன்ட் சார். லாக்டவுன்ல ஸ்கூல் கிளாஸுக்குப் போட்டது. நாலாவது பி செக்‌ஷன், ரோல் நம்பர் பதினேழு. பேரை மாத்தத் தெரியல சார்.”

எம்.சி.ஏ. இரண்டாம் செமஸ்டர். எனக்கும் மாற்றத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. பெண் அப்போதே ஏழாவது போயிருப்பாள். அப்பா நான்காம் வகுப்பிலேயே இருந்தார், செமஸ்டர் முழுக்க.

வங்கிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது, எனக்கு முப்பத்தாறு. அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். புதிய அமைப்பைக் கொண்டுவரும்போது பழையதையும் கொஞ்ச காலம் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும், இதற்கு பேரலல் ரன் என்று பெயர், ஓரிரு மாதம் போதும் என்று ஒரு ஞாயிறு சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பாடநூலில் அப்படித்தான் இருந்தது. அவர் கையைத் தூக்கினார். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது 1984-இல். அதன் பிறகுதான் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வர ஆரம்பித்தன. “எங்க கிளையில மெஷின் வந்து மூணு வருஷம் கைப்பேரேடும் கூடவே எழுதினோம் சார். பகல்ல மெஷின்ல போடுவோம், சாயங்காலம் பேரேட்டுல எழுதுவோம், ராத்திரி ரெண்டையும் ஒத்துப்பார்ப்போம். வேலையைக் குறைக்க வந்த மெஷினால வீட்டுக்குப் போக ஒன்பது மணி ஆச்சு.” ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். “மேனேஜர் ரிட்டயர் ஆகலியே சார்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்து என் நோட்ஸில் ‘ஓரிரு மாதம்’ என்பதை அடித்துவிட்டு, ‘மேனேஜர் ரிட்டயர் ஆகும்வரை’ என்று எழுதினேன். ரெகுலர் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொன்னேன். ஒருத்தி பரீட்சையில் அப்படியே எழுதி, வெளியூர்ப் பேராசிரியர் திருத்தி, பாஸ் மார்க் போகாமல் தப்பித்தாள்.

இன்றைக்கும் என்னிடம் லாங் சைஸ் நோட்டு ஒன்று இருக்கிறது. வகுப்புக்கு யார் வந்தார்கள், யார் வாய் திறந்தார்கள் என்று பென்சிலால் குறித்துவைக்கிறேன். ஆன்லைன் வகுப்பை நடத்தும் எல்.எம்.எஸ். மென்பொருள் எல்லாவற்றையும் தானே பதிவுசெய்துகொள்கிறது. நானும் எழுதுகிறேன். வங்கி மேனேஜரைப் பார்த்துச் சிரித்தவன்தான். நான் ஏற்கெனவே ரிட்டயர் ஆகிவிட்டதால் இந்த பேரலல் ரன்னுக்கு முடிவும் கிடையாது.

நடுவில் ஒரு சாட்டிலைட் காலமும் இருந்தது. 2004 செப்டம்பரில் எடுசாட் விண்ணுக்குப் போனது. எங்கள் மையத்து மொட்டைமாடிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பாடம் வானத்திலிருந்து இறங்கும் என்றார்கள். ஒரு மழைக்காலம்வரை இறங்கியது.

அசைன்மென்ட் கதைக்கு வருகிறேன். அதே டேட்டா ஃப்ளோ படத்தில் இரண்டு பிழைகளுக்கு அழகான பெயர் உண்டு. தகவல் உள்ளே போய்க்கொண்டே இருந்து வெளியே எதுவும் வராவிட்டால் அது ‘கருந்துளை’. உள்ளே எதுவுமே போகாமல் வெளியே மட்டும் வந்தால் அது ‘அற்புதம்’. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கருந்துளைகள் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வரிசையே ஒரு பால்வீதி. அற்புதம் நடந்தது அசைன்மென்ட் கட்டு வரும்போது. காட் பெயரில் ஓர் ஆங்கில ‘டி’ விட்டுப்போய் அவர் காட் மீனாகிவிட்டார். அந்த மீன் பதினான்கு தாள்களில் நீந்தியது. எழுத்துப் பிழைகள் கூடிக்கொண்டே போவதை வைத்து, யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று வம்சாவளியே போட்டுவிடலாம். மூலவர் மெடிக்கல் ரெப்தான். கண்டிக்கலாம் என்றால் எனக்கு யோக்கியதை போதாது. பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பாடநூலின் மூன்றாவது அலகில் அமெரிக்க வீடியோ வாடகைக் கடையை நூலகமாக்கி, ஜானை ராமனாக்கி, சம்பளமும் வாங்கியிருந்தேன். ‘உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்ற பகுதியில் ஓரிடத்தில் ராமன் டாலரில் அபராதம் கட்டுகிறார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதற்கடுத்த செமஸ்டரில், எத்தனையோ வருஷமாகக் கொடுத்துவரும் அதே கேள்வியைக் கொடுத்தேன்: ரேஷன் கடையின் தகவல் அமைப்பை ஆராய்ந்து படம் போடுக. அந்தக் காலத்தில் அந்த அட்டையே பாடத்துக்கென்று அச்சடித்ததுபோல இருக்கும். புத்தக வடிவம், மாதத்துக்கொரு கட்டம், அரிசி சீனி கெரசின் என்று வரிசைகள். திரும்பத் திரும்ப வரும் கட்டங்களைக் காட்டி, “இதுதான் முதல் நார்மல் ஃபார்முக்கு ஆகாது” என்றால் முடிந்தது. 2017-இல் ஸ்மார்ட் அட்டை வந்து அந்த உதாரணமும் போயிற்று, கேள்வி மட்டும் நின்றது.

ஐம்பத்தெட்டு விடைகள் வந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகச் சொல்லவே முடியாது. ஒரு பிழை இல்லை. மீனும் இல்லை. எந்த இயந்திரம் எழுதியதோ, ரேஷன் கடையைக் கண்ணால் பார்த்திராத இயந்திரம் என்பது மட்டும் நிச்சயம். ஒரு விடையில் ரேஷன் கடை தன் வாடிக்கையாளர்களுக்கு விசுவாசப் புள்ளிகள் வழங்கியது. இன்னொன்றில், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ஏழு வேலைநாளில் பணம் வாபஸ். அரிசியே இலவசமாகி 2011 முதல் வருஷங்கள் ஓடிவிட்டன, எதை வாபஸ் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. விடைகளுக்கு மார்க் போடுவதற்கான அளவுகோலை நானே ஒரு இயந்திரத்திடம் கேட்டுத்தான் எழுதியிருந்தேன் என்பதால் ரொம்பக் கோபப்படவும் முடியவில்லை.

ஒரே ஒரு விடை கோடு போட்ட தாளில் கையால் எழுதி, போனில் படமெடுத்து அனுப்பியது. ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. ‘4-பி, 17’. படத்தில் அரிசி, பருப்பு, பாமாயில் இவற்றோடு ‘காலிச் சாக்கு’ என்று ஒரு ஓட்டம். வந்த சாக்கு எத்தனை, கிழிந்தது எத்தனை, திரும்ப ஒப்படைத்தது எத்தனை. இத்தனை வருஷத்தில் இந்தக் கோட்டை யாரும் போட்டதில்லை, நான் உள்பட. நோட்டில் பார்த்தால் எங்கே வேலை என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்: சொசைட்டி கடையில் விற்பனையாளர். படத்தின் மூலையில் ஒரு தவறு. ‘அட்டைதாரர்’ என்ற கட்டத்திலிருந்து ‘பக்கத்து வீட்டு அட்டைதாரர்’ என்ற கட்டத்துக்கு நேராக ஒரு கோடு. அதன் மேல், “இன்னிக்குப் பருப்பு வந்திருக்கு” என்று எழுதியிருந்தார்.

பழக்கதோஷம், ஒரு மார்க் குறைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கடைக்கு எந்த அமைப்பு வந்தாலும் உண்மையில் வேலை செய்வது அந்த ஒரு கோடுதான். காலையில் எழுந்து மார்க்கைக் கூட்டப் போனால், வெளியிட்ட மார்க்கைத் திருத்த மூன்று பேர் ஒப்புதல் வேண்டும் என்றது எல்.எம்.எஸ். சிவப்புப் பேனாவால் அடித்து இனிஷியல் போட்ட காலத்தை அப்போதுதான் மனசார நினைத்துக்கொண்டேன். பதினாறு நாள் கழித்து அந்த ஒரு மார்க் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பழையதெல்லாம் நல்லது என்று பாடுவதற்கு எனக்கு வாய் வராது. முப்பத்துநான்கு பேரில் பெண்கள் நான்கு பேர். அதில் ஒருத்தியின் அப்பா மாலைவரை வராந்தாவில் தினத்தந்தியை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருப்பார். இப்போது பாதிக்குப் பாதி பெண்கள். நாமக்கல்லிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு படிக்கிறாள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து, நான்காம் நார்மல் ஃபார்மில் குழந்தை வீறிட்டது. “ஸாரி சார், பசி” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளை யார் ஏற விட்டிருப்பார்கள்? கேமராவைத் திற என்று அவளிடம் நான் எந்த வாயால் கேட்பது? மஸ்கட்டிலிருந்து ஒருவர் ஷிஃப்ட் முடிந்து லேபர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து கேட்கிறார். எட்டு மணி வகுப்பு அவருக்கு ஆறரை.

செமஸ்டர் முடிவில் தேர்வு. இன்டர்னல் 30, தேர்வுக்கு 70, தேர்வு கண்காணிப்போடு நடக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமராவைத் திறந்துவைத்துவிட்டு. கண்காணிக்கும் மென்பொருள் சந்தேகப்பட்டால் வீடியோ பாட ஆசிரியருக்கு வரும். பார்த்துச் சான்று தர வேண்டும். எனக்கு வந்த ஒன்றில் அறிக்கை இப்படி இருந்தது: கூடுதல் முகங்கள் 3, தேர்வு நேரம் முழுவதும். பார்வை விலகல் 41 முறை.

திறந்தேன். கட்டம் போட்ட சட்டை, முன்நெற்றி ஏறிய ஒருவர். பின்னால் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர், அதில் வள்ளி தெய்வானையோடு முருகன். மூன்று முகம், கணக்குச் சரி. நல்லவேளை ஆறுமுகமாக இல்லை.

பதிவு எண்ணை நோட்டில் தேடினேன். ‘4-பி, 17’. ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தி முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறேன், அதுவும் குற்றப்பத்திரிகையில். என் பாடத்தை இவர்கள் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறார்கள் என்று எல்.எம்.எஸ். புள்ளிவிவரம் சொல்கிறது. நான் இவரை உள்ள வேகத்திலேயே பார்த்தேன். இரண்டு விரலால் டைப் அடித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். நாற்பத்தொன்று அதுதான். நான்காவது கேள்வியில் பேரலல் ரன் வந்தது. அதைப் படித்ததும் தனியாகச் சிரித்தார். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் அறிக்கை நான்காவது முகத்தைக் குறித்திருந்தது. இரட்டைச் சடை, யூனிஃபார்ம், கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. கட்டைவிரலில் நடப்பதுபோல் வந்து, ஒரு டம்ளரை மேஜை ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் திரும்பவில்லை. கேமராவை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு, அப்படியே பின்னாலேயே நடந்து போனாள். பதினோரு விநாடி.

படிவம் கேட்டது: கூடுதல் நபரை உங்களால் அடையாளம் காண முடிகிறதா? ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். கீழே இன்னொரு கட்டம் திறந்தது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது: அடையாள எண்.

4-பி, 17 என்று அடித்தேன்.